காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் மீத்தேனைக் குறைப்பது எப்படி?

கேள்வி இது: தஞ்சைப் பக்கம் ஐந்து ஏக்கர் களிமண் நிலம். ஆழ்துளைக் கிணற்றில் குறுவை (முதல் போகம்), ஆற்றுத் தண்ணீரில் தாளடி (குறுவை அறுத்த பின் நடும் இரண்டாம் போகம்). அறுவடை இயந்திரத்தில்தான். வயலில் தண்ணீர் கட்டிவைப்பதால் பசுமைக்குடில் வாயு வருகிறது என்கிறார்கள். விளைச்சல் விழாமல் அதைக் குறைக்க முடியுமா? உண்மையில் எவ்வளவு குறையும்?

முடியும். ஆனால் இரண்டு போகத்துக்கும் ஒரே வழி உதவாது. குறுவையில் தண்ணீரைக் கையாளுங்கள், அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறை; தாளடியில் வைக்கோலைக் கையாளுங்கள். தண்ணீரை மட்டும் பேசிவிட்டு வைக்கோலை விட்டுவிட்டால், செய்த வேலையில் பெரும்பகுதி வீணாகிவிடும். அதனால்தான் பதில் நீள்கிறது.

முதலில், மீத்தேன் எங்கிருந்து வருகிறது. வயலில் தண்ணீர் தேங்கியதும் மண்ணுக்குள் காற்று போகும் வழி அடைபடுகிறது. மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அடுத்து நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்ஃபேட் என்று வரிசையாகப் பயன்படுத்தும். இவை எல்லாம் தீர்ந்த பிறகுதான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இடம் கிடைக்கிறது. தண்ணீர் நின்று ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தக் கட்டம் வரும். மட்கும் வைக்கோல், பழைய வேர், பயிரின் வேர் கசியவிடும் சர்க்கரை எல்லாம் அவற்றுக்கு உணவு. உண்டாகும் வாயுவில் பெரும்பகுதி, 90 விழுக்காடு வரை, நெற்பயிரின் தண்டில் இருக்கும் காற்றுக் குழல் வழியாகவே மேலே வருகிறது. தண்ணீரில் குமிழி தெரியவில்லை என்பதால் வாயு வரவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இடையில் ஒருமுறை காயவிட்டால் மண்ணுக்குள் காற்று இறங்கி, இரும்பும் சல்ஃபேட்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மறுபடி தண்ணீர் கட்டினாலும் அந்த இருப்பு தீரும்வரை மீத்தேன் தலையெடுக்காது. காயவிட்ட நான்கைந்து நாளோடு பலன் முடியாமல், தண்ணீர் கட்டிய பிறகும் பல நாள் தொடர்வது இதனால்தான்.

மீத்தேன் காற்றில் ஏறக்குறைய 12 ஆண்டுதான் இருக்கும். ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 கிலோவை நெருங்கும். இப்போது குறைத்தால் அதன் பலன் நம் காலத்திலேயே தெரியும் என்பது இதன் சிறப்பு.

உங்கள் வயலுக்குக் கணக்குப் போடுவோம். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2019-ல் திருத்திய வழிகாட்டியின்படி, தெற்காசியாவில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும், இயற்கை உரம் எதுவும் போடாத வயல் ஹெக்டேருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் விடும். ஏ.டி.டி. 43 போன்ற 110 நாள் ரகத்தில் நாற்றங்கால் போக நடவு வயலில் 85 நாள். ஏக்கருக்கு 29 கிலோ மீத்தேன் வருகிறது, அதாவது கரியமில வாயுக் கணக்கில் சுமார் 790 கிலோ. பருவத்தில் ஒருமுறை மட்டும் காயவிட்டால் இதை 0.71 ஆலும், பலமுறை காயவிட்டால் 0.55 ஆலும் பெருக்கச் சொல்கிறது அதே வழிகாட்டி. பலமுறை என்றால் 29 கிலோ 16 ஆகிறது. குறைவது 13 கிலோ மீத்தேன், கரியமில வாயுவில் ஏறக்குறைய 350 கிலோ.

இதில் ஒரு கழித்தல் உண்டு. காய்ந்து நனையும் மண்ணில் தழைச்சத்தின் (நைட்ரஜன்) ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு கடுமையானது. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து, அதாவது 130 கிலோ யூரியா போட்டால், காயவிடுவதால் கூடுதலாக வரும் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுக் கணக்கில் 50 கிலோ அளவு. அதைக் கழித்தாலும் 300 கிலோ நிகர இலாபம். யூரியாவைத் தேவைக்கு மேல் கொட்டினால் இந்தக் கழித்தல் பெரிதாகும்.

மோட்டார் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 30,000 லிட்டர் தரும் 5 எச்.பி. மோட்டார் ஏழு மணி நேரம் ஓடும், 30 யூனிட் மின்சாரம் ஆகும். நம் நாட்டு மின்சாரம் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஐந்து பாய்ச்சல் மிச்சமானால் 100 கிலோவுக்கு மேல் அங்கேயும் குறைகிறது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இது உங்கள் கணக்குப் புத்தகத்தில் தெரியாது. கிணற்றின் நீர்மட்டத்தில் தெரியும்.

இனி செய்முறை. இதற்கு வேண்டிய ஒரே கருவி வயல்நீர்க் குழாய். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய எளிய பொருள். நான்கு முதல் ஆறு அங்குல பி.வி.சி. குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் 20 செ.மீ. பகுதியில் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளி விட்டு, 5 மி.மீ. டிரில் பிட்டால் ஓட்டை போடுங்கள். மேல் 10 செ.மீ. ஓட்டை இல்லாமல் இருக்கட்டும். ஓட்டையுள்ள பகுதி முழுவதும் மண்ணுக்குள் போகும்படி, 10 செ.மீ. மட்டும் வெளியே நிற்க அடித்து இறக்குங்கள். பிறகு குழாய்க்குள் இருக்கும் சேற்றை அடிவரை அள்ளிவிட வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். உள்ளே மண் இருந்தால் தண்ணீர் மட்டம் தெரியவே தெரியாது.

பதித்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்தும் மட்டம் வேறுபட்டால் ஓட்டைகள் களிமண்ணால் அடைத்திருக்கின்றன. பிடுங்கிக் கழுவி மறுபடி பதியுங்கள். களிமண் நிலத்தில் பருவத்தில் ஓரிருமுறை இது நேரும்.

எங்கே பதிப்பது என்பதும் முக்கியம். வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி, போய்ப் பார்க்க வசதியாக, வயலின் நடுத்தர மட்டமுள்ள இடத்தில் பதியுங்கள். பள்ளத்தில் வைத்தால் மேட்டுப் பயிர் வாடிய பிறகும் குழாயில் தண்ணீர் தெரியும். மேட்டில் வைத்தால் தேவையில்லாமல் மோட்டார் போடுவீர்கள். மட்டமான வயலுக்கு ஏக்கருக்கு ஒன்று போதும். மட்டம் வேறுபடும் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக ஒன்று வேண்டும்.

அளவு பார்ப்பது எளிது. ஒரு குச்சியில் சென்டிமீட்டர் குறித்து, குழாயின் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளந்து 10-ஐக் கழியுங்கள். விளிம்பிலிருந்து 25 செ.மீ. என்றால் தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ.-ல் இருக்கிறது. அதுதான் எல்லை. 15-ஐத் தொட்டதும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். பிறகு அது தானாக இறங்கி மறுபடி 15-ஐத் தொடும்வரை விட்டுவிடுங்கள். நாள் கணக்கு வைத்துப் பாய்ச்சாதீர்கள். மணற்பாங்கான நிலத்தில் ஒரே நாளில் இறங்கும், கனத்த களியில் பத்து நாள்கூட ஆகும். மழை பெய்தால் கணக்கே மாறிவிடும்.

15 செ.மீ. ஏன்? அந்த ஆழத்தில் தண்ணீர் இருக்கும்வரை வேர் எட்டிப் பிடித்துக்கொள்ளும், மேல்மண்ணில் ஈரமும் இருக்கும். 56 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஒரு பகுப்பாய்வில், இப்படி மிதமாகக் காயவிட்ட வயல்களில் விளைச்சல் குறிப்பிடும்படி குறையவில்லை. எல்லை மீறிக் காயவிட்ட வயல்களிலோ 22 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. தண்ணீர்ச் சேமிப்பு சராசரியாகக் கால் பங்கு. இன்னும் கொஞ்சம் காய்ந்தால் இன்னும் கொஞ்சம் மீத்தேன் குறையும்தானே என்று தள்ளிப்போடுவது இதனால்தான் ஆபத்து. விளைச்சல் குறைந்தால் கிலோ நெல்லுக்கான வாயுக் கணக்கும் கெடும், வீட்டுக் கணக்கும் கெடும்.

பருவம் பார்த்துச் செய்ய வேண்டிய இடங்கள் மூன்று. நட்ட முதல் இரண்டு வாரம் காயவிடாதீர்கள். பயிர் வேர்பிடிக்க வேண்டும், களையும் அந்தச் சமயத்தில்தான் முளைக்கும். களைக்கொல்லி போட்டிருந்தால் மெல்லிய நீர்ப்படலம் நின்றால்தான் வேலை செய்யும். களை நிறைய வரும் வயல் என்றால் மூன்றாவது வாரம்வரை பொறுங்கள். பிறகு தூர் கட்டும் காலம் முழுவதும் தாராளமாகக் காயவிடலாம். தூர் கட்டி முடியும் தறுவாயில் ஒரு நல்ல காய்ச்சல் கொடுத்தால் கதிர் வராத வீண் தூர்களும் குறையும்.

இரண்டாவது, பூக்கும் காலம். தொண்டைக் கதிர் (இலையுறைக்குள் கதிர் புடைத்து நிற்கும் கட்டம்) தெரிந்தது முதல் பூத்து ஒரு வாரம் முடியும்வரை 5 செ.மீ. தண்ணீர் குறையாமல் நிற்கட்டும். இந்த இரண்டு வாரத்தில் பயிர் தாகம் பட்டால் பதர் விழும், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் மீளாது. காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து விளைச்சல் போயிற்று என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் காயவிட்டிருப்பார்கள். மூன்றாவது, பால் பிடித்து முற்றத் தொடங்கியதும் மறுபடி காய்ச்சல் முறைக்கு வந்து, அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பு தண்ணீரை நிறுத்திவிடலாம். நிலம் இறுகியிருந்தால் செயின் வண்டிக்குப் பதில் டயர் வண்டியே இறங்கும். வாடகை மிச்சம் கையில் தெரியும் இலாபம்.

யூரியா போடும் நேரமும் மாற வேண்டும். நிற்கும் தண்ணீரில் தூவினால் அமோனியாவாக ஆவியாகும். காயத் தொடங்கும் ஈர மண்ணில் தூவிவிட்டு நாலு நாள் விட்டால் நைட்ரேட்டாக மாறி, அடுத்த பாய்ச்சலில் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். தண்ணீர் இறங்கி, பாய்ச்ச வேண்டிய நாள் வந்ததும் காலையில் தூவி, உடனே மோட்டார் போடுங்கள். தண்ணீரோடு உரம் வேர்ப்பகுதிக்கு இறங்கிவிடும். இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டு உரத்தேவை சொல்லும் இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் போட்டால் ஒரு தவணை குறைந்தாலும் வியப்பில்லை.

வயல் மட்டமில்லாவிட்டால் இந்த முறை தடுமாறும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 5 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், பள்ளம் காய்வதற்குள் மேடு வெடித்துவிடும். லேசர் கருவி பூட்டிய டிராக்டரில் ஒருமுறை சமன்செய்தால் பல ஆண்டு நிற்கும். முடியாவிட்டால் பெரிய வயலைக் குறுக்கு வரப்பு போட்டுப் பிரியுங்கள். நண்டு வளையும் எலி வளையும் இன்னொரு தொல்லை. தண்ணீர் இரவோடு இரவாக இறங்குகிறது என்றால் மண் குடிக்கவில்லை, வரப்பில் ஓட்டை என்று பொருள். வரப்பு அணைத்துப் பூசிய பிறகே குழாயின் அளவை நம்ப வேண்டும்.

கனத்த களியில் வெடிப்பைக் கவனியுங்கள். மயிரிழை வெடிப்பு நல்லது. விரல் நுழையும் வெடிப்பு விழுந்துவிட்டால் அடுத்துக் கட்டும் தண்ணீர் அதன் வழியே நேரே கீழே ஓடிவிடும், மிச்சம் பிடித்த தண்ணீரைவிட அதிகம் செலவாகும். அப்படிப்பட்ட நிலத்தில் எல்லையை 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் கடைமடையில் உப்பு மண் என்றால் இந்த முறையே வேண்டாம். காயும்போது கீழிருந்து உப்பு மேலே ஏறிப் பயிரைக் கருக்கும். களர் நிலத்துக்கு ஜிப்சம் போடுகிறவர்களுக்கு அதிலுள்ள சல்ஃபேட் மீத்தேனையும் தள்ளிப்போடும் என்பது கூடுதல் ஆதாயம்.

திருந்திய நெல் சாகுபடி செய்பவர்கள் இதில் பாதியை ஏற்கனவே செய்கிறார்கள். 14 நாள் நாற்றை அகல இடைவெளியில் நட்டு, மயிரிழை வெடிப்பு விழுந்ததும் 2.5 செ.மீ. கட்டி, கோனோ வீடர் என்ற களையெடுக்கும் கருவி ஓட்டும்போது மண்ணுக்குள் காற்றும் போகிறது. அவர்களுக்குக் குழாய் கண்மதிப்பைச் சரிபார்க்க உதவும், அவ்வளவுதான்.

தாளடிக்கு வருவோம். நடவு முடிந்து சில வாரத்தில் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா வயலை யாரும் காயவைக்க முடியாது. ஆற்றுத் தண்ணீரோ முறை வைத்து வரும், வயலுக்கு வயல் பாய்ந்து போகும். உங்கள் வயலை மட்டும் காயவிட மேலண்டை வயல்காரர் ஒத்துழைக்க வேண்டும். மழை இடைவெளி விட்டு, வடிகாலும் சுத்தமாக இருந்தால் தூர் கட்டி முடியும் சமயத்தில் ஒருமுறை ஏழெட்டு நாள் வடித்துக் காயவிடுங்கள். ஒரே ஒரு காய்ச்சலுக்கும் பலன் உண்டு. கிடைக்காவிட்டால் பயிரை வதைக்க வேண்டாம்.

தாளடியில் உங்கள் கையில் இருப்பது வைக்கோல். குறுவை அறுத்து இரண்டு வாரத்துக்குள் நடவு. இயந்திரம் விட்டுப்போன வைக்கோலை அப்படியே மடக்கி உழுது சேறடித்தால், மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு அதைவிடச் சுலபமான உணவு கிடையாது. ஐ.பி.சி.சி. சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 2 டன் காய்ந்த வைக்கோலை நடவுக்கு 30 நாளுக்குள் மடக்கினால் மீத்தேன் 2.9 மடங்காகும். அதே 2 டன் 30 நாளுக்கு முன்பே காய்ந்த மண்ணில் மடக்கப்பட்டிருந்தால் 1.5 மடங்குதான். மேலே போட்ட 29 கிலோ கணக்கையே வைத்துச் சொன்னால், புது வைக்கோலை மடக்கிய வயல் 84 கிலோ விடும். அதைப் பலமுறை காயவிட்டாலும் 46 கிலோ. வைக்கோலே போடாமல் எந்நேரமும் தண்ணீர் கட்டிவைத்த வயலைவிட இது அதிகம். தண்ணீர் மேலாண்மைக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட வைக்கோலுக்குக் கிடைக்காதது வருத்தமான விஷயம்.

எரிப்பது இதற்குத் தீர்வு ஆகாது. புகையிலேயே மீத்தேனும் கரித்துகளும் போகும், வைக்கோலில் உள்ள தழைச்சத்தும் கருகிப் போகும். பேலர் (வைக்கோல் கட்டும் இயந்திரம்) விட்டுக் கட்டி மாட்டுக்கு விற்பதுதான் முதல் வழி. அறுவடையன்று வெயில் இருந்தால் மறுநாளே கட்டிவிடுங்கள், நனைந்த வைக்கோல் கட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அறுவடை வண்டிக்காரரிடம் தாழ அறுக்கச் சொல்லுங்கள். பேலர் போன பிறகும் ஏக்கருக்கு 800 கிலோ அடித்தாள் நின்று, அது மடங்கினால் மீத்தேன் 1.9 மடங்கு.

நனைந்துபோன வைக்கோலைக் களத்துமேட்டில் குவித்து மட்க வைக்கலாம். டன்னுக்கு 2 கிலோ பயோமினரலைசரை (மட்கச் செய்யும் நுண்ணுயிர்க் கலவை) தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, சாணக் கரைசலும் சேருங்கள். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். புரட்டாமல் மழையில் ஊறவிட்டால் குவியலே மீத்தேன் விடும். நன்றாக மட்கிய உரமாகத் திரும்ப வயலுக்குப் போட்டால், புது வைக்கோல் 1 டன் தரும் தாக்கத்தில் ஆறில் ஒரு பங்குதான் டன்னுக்கு வரும். பசுந்தாள் உரம் இந்த இரண்டுக்கும் நடுவில். தக்கைப்பூண்டு மடக்குவதை விட வேண்டாம், யூரியா குறையும். ஆனால் அதை மடக்கிய குறுவையில் காய்ச்சல் முறையைத் தவறவிடாதீர்கள்.

தாளடி அறுத்த வைக்கோலில் இந்தக் கவலை குறைவு. தை, மாசியில் உளுந்து வந்து, நிலம் வைகாசிவரை காய்ந்து கிடக்கும்போது அது காற்றுப்பட மட்கிவிடும். இடையில் வயலைச் சும்மா தண்ணீர் கட்டிப் போடாமல் இருந்தால் போதும். நடவுக்கு முன்பே 30 நாளுக்கு மேல் தண்ணீர் தேங்கிய வயலில் அடுத்த பயிரின் மீத்தேன் 2.4 மடங்காகிறது.

ரகத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகம் வயலில் 125 நாள் நின்றால், அதே கணக்கில் 43 கிலோ. மழையில் சாயாமல் நிற்கும் பலம் அதற்கு உண்டு என்பதால் மாற்றச் சொல்லவில்லை. இரண்டுமே ஒத்துவரும் வயலில் குறுகியகால ரகத்துக்கு இந்த ஒரு காரணமும் சேரும்.

கடைசியாக, கார்பன் கிரெடிட் (குறைத்த வாயுவுக்கு டன் கணக்கில் விலை போகும் சான்று) தருகிறோம் என்று உங்களிடம் ஆள் வந்தால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். குறுவையில் ஏக்கருக்கு நிகரமாக 0.3 டன். டன்னுக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலும் 300 ரூபாய், அதில் நிறுவனத்தின் பங்கும் சரிபார்ப்புச் செலவும் போகும். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால் எப்படி என்று கேளுங்கள். நெல்லுக்குப் புழங்கிவந்த பழைய முறையியலை (வாயுக் குறைப்பைக் கணக்கிடும் விதிமுறை) கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2023-ல் நிறுத்திவிட்டு, 2025-ல் வி.எம். 0051 என்ற புதியதைக் கொண்டுவந்தது. எந்த முறையியலில் பதிவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் குத்தகை மாறினால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேரும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு நோட்டில் நடவு தேதி, ஒவ்வொரு குழாய் அளவு, பாய்ச்சிய நாள், யூரியா போட்ட நாளும் அளவும், வைக்கோலை என்ன செய்தீர்கள் என்பதைக் குறித்து வாருங்கள். தண்ணீர் 15 செ.மீ.-ஐத் தொட்ட நாளில் குச்சியோடு குழாயை ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த குறுவையில் எந்த வயலில் எல்லையை 10-க்குக் குறைப்பது, எதில் வரப்பைப் பூசுவது என்று முடிவெடுக்கவும் அந்த நோட்டுதான் வேண்டும்.